சன்பர்ஸ்ட் பூச்சு

கிட்டார் உடலின் நடுவில் மஞ்சளாகத் தொடங்கி, சிவப்பாகி, விளிம்பில் கருமையாக முடியும் பலவண்ணப் பூச்சு. அலைரேகை ஓடும் மேப்பிள் மரத்தில்தான் இதன் முழு அழகும் தெரியும். பெயிண்ட் ரேகையை மூடிவிடும். மரத்தில் ஊறும் சாயமே வேண்டும். முதலில் கருஞ்சாயம் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். நார் மேல்நோக்கித் திரும்பும் இடங்களில் மட்டும் கருமை தங்கி, அலைகள் துலங்கும். அதன் மேல் மஞ்சள், பிறகு விளிம்பை நோக்கிச் சிவப்பும் கருமையும் ஸ்ப்ரே, கடைசியில் லாக்கர். கிப்சன் நிறுவனம் 1958–60இல் செய்த லெஸ் பால் கிட்டார்கள் பலவற்றில் சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு மங்கிவிட்டது. வேடிக்கை, அவற்றுக்கும் இன்று தனி மவுசு! ஐப்பசி மழையில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தால், காற்றின் ஈரத்தால் பூச்சு வெண்மை பூக்கும். ஈரம் குறைந்த நாளுக்குக் காத்திருப்பதே நல்லது.