ஓவியப் பீரியட் எங்கே போயிற்று?

நம் வயதுக்காரர் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, "ஏதாவது படம் போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் நாலு காக்கை. காட்டாங்குளத்தூர்க்காரரும் இதைத்தான் போடுவார், கூடுவாஞ்சேரிக்காரரும் இதைத்தான் போடுவார்.

நம் பக்கம் மலை இல்லாமல் இல்லை. வண்டலூர் தாண்டியதும் ரயில் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தால் செங்கல்பட்டு வரை அங்கங்கே குன்றுகள் தெரியும். அவை ஒன்றும் முக்கோணமாக இருக்காது. பாறையும் புதருமாக, யானை படுத்த மாதிரி இருக்கும். நமக்கு வாய்த்த தண்ணீரும் மலைநடுவே வரும் ஆறு அல்ல, ஏரிதான். கண் முன்னால் இருப்பதை விட்டுவிட்டு, பார்க்காத ஒன்றைப் போடுவதற்குக் கை எப்படிப் பழகியது? அந்தக் கதை 170 ஆண்டுக்கு மேல் பழையது. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

டாக்டர் தொடங்கிய பள்ளி

சென்னையில் முதல் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர் ஓவியர் அல்லர், டாக்டர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850-இல் சொந்த முயற்சியில் அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கைத்தொழில் பள்ளி ஒன்றையும் சேர்த்தார். 1855-இல் அரசாங்கம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிவப்புக் கட்டடங்களோடு இருக்கும் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். நாட்டில் இந்த வகையில் முதலில் தோன்றிய பள்ளிகளில் ஒன்று.

ஹண்டரின் நோக்கம் தொழில். மண்பாண்டம், ஓடு, மரச்செதுக்கு, அச்சுக்கான படம் ஆகியவை தரமாக வரவேண்டும். அதற்குக் கை பழக வேண்டும். கை பழக ஓவியம் வேண்டும். லண்டனிலும் அப்போது இதே எண்ணம்தான். 1851-இல் அங்கே நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு, தொழிற்சாலைப் பொருள்களின் வடிவமைப்பை மேம்படுத்த ஹென்றி கோல் என்பவர் தலைமையில் அரசு ஓவியக் கல்வியைக் கையில் எடுத்தது. சவுத் கென்சிங்டன் முறை என்று பெயர். 23 படிகள் கொண்ட பாடத்திட்டம். முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு அச்சிட்ட அலங்கார வடிவங்களைப் பார்த்து வரைதல், கனசதுரம், கூம்பு, உருளை, அவற்றுக்கு நிழல் தீட்டுதல். உயிருள்ள உருவத்துக்கு வருவதற்குள் மாணவனுக்கு மீசை முளைத்துவிடும்.

பேரரசு முழுவதும் போன இந்த முறை நம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் கத்தரிக்காய் போடுவார். நாற்பது பேரும் அதே கத்தரிக்காயைப் போட வேண்டும். அடுத்த வாரம் குத்துவிளக்கு. அதற்கடுத்த வாரம் செம்பருத்தி. மாஸ்டர் போட்டதைப் போலவே இருந்தால் 'வெரி குட்'. கத்தரிக்காயைக் கையில் கொடுத்து, "இதைப் பார், உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்கும் வழக்கம் அந்த முறையில் இல்லை.

அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அளவு பார்க்கும் கண் வந்தது. பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் போனவர்களுக்கு அந்தக் கோடுகள் சோறு போட்டன. ஆனால் வகுப்பில் கை வளையாத முப்பது பிள்ளைகள், "எனக்கு டிராயிங் வராது" என்ற முடிவோடு வெளியே வந்தார்கள். ஆயுள் முழுக்க அந்த முடிவு மாறவில்லை.

கல்லூரி மாறியது, வகுப்பு மாறவில்லை

எழும்பூரில் இருந்த அந்தப் பள்ளி பின்னால் நிறைய மாறியது. 1929-இல் வங்காளத்திலிருந்து தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்புக்கு வந்தார். மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். 1957-இல் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். அவர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். 'பார்த்துப் போடு' என்பதிலிருந்து 'உன் மண்ணிலிருந்து உன் கோட்டைக் கண்டுபிடி' என்பது வரை கல்லூரி நடந்து வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காற்று வரவில்லை. காரணம், டிராயிங் மாஸ்டர் வந்த வழி வேறு. பெரும்பாலோர் அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் 'லோயர்', 'ஹையர்' இரண்டையும் முடித்து, கோடை விடுமுறையில் தொழிலாசிரியர் பயிற்சியும் பெற்று வந்தவர்கள். அந்தத் தேர்வுகளின் கனம் முழுக்க ஆசிரியரின் கையில் இருந்தது. வரையத் தெரியாத பிள்ளையை எப்படி வரைய வைப்பது என்பதற்கு அதில் அவ்வளவு இடமில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் படம் போடும் ஆசை வந்தவனுக்கு ஆசிரியர் வாரப் பத்திரிகைதான். விகடனில் கோபுலுவின் கோடு, சில்பியின் கோயில்கள், 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் போட்ட படங்கள். இவற்றை வெட்டி வைத்து, எண்ணெய்த் தாளில் பார்த்துப் போட்டு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வியன்னாவில் ஒருவர் கவனித்தது

குழந்தை ஓவியத்தை வேறு விதமாகப் பார்த்தவர்களும் அப்போதே இருந்தார்கள். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஜெக் 1897-இல் சிறுவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கி, அவர்கள் போக்கில் வரைய விட்டார். அதே ஊரில் விக்டர் லோவன்ஃபெல்டு என்பவர் பார்வையற்றோர் பள்ளியில் பணியாற்றினார். பார்வையில்லாத பிள்ளைகள் களிமண்ணில் முகம் செய்வதை அவர் கூர்ந்து கவனித்தார். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கும் மனத்துக்குப் படுகிற அளவுக்கும் வித்தியாசம் உண்டு என்று கண்டார். பார்வையுள்ள பிள்ளைகளிலும் பலர் அப்படித்தான், தங்களுக்கு முக்கியமானதைப் பெரிதாகப் போடுகிறார்கள் என்றார். ஹிட்லர் படை வந்ததும் அமெரிக்காவுக்குப் போய், 1947-இல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுவதும் ஓவிய ஆசிரியர்களுக்குப் பாடமானது.

ஒரு பெண் குழந்தை தன் அம்மாவைப் போட்டு, கையை மட்டும் உடம்பை விடப் பெரிதாகப் போட்டால், நம் மாஸ்டர் ரப்பரை எடுப்பார். லோவன்ஃபெல்டு, "அந்தக் கையைப் பற்றிச் சொல்லம்மா" என்று கேட்டிருப்பார். இரண்டு முறைக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் காந்தியின் சேவாகிராமத்தில் தேவி பிரசாத் என்பவர் (மேலே சொன்ன சிற்பி அல்லர், இவர் சாந்திநிகேதனில் பயின்றவர்) 1944 முதல் இதே வழியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார்.

கம்பிப் பந்தல்

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் சாதாரணப் பள்ளிக்குள் நுழைந்ததை நான் ஓர் இடத்தில் பார்த்தேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. அதில் அட்டைகளும் ஏணிப்படிகளும் பற்றிப் பேசியவர்கள் அதிகம். என் மனத்தில் நின்றவை வேறு இரண்டு. ஒன்று, சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஓர் இடம். மற்றது, தலைக்கு மேலே கம்பிப் பந்தல். போட்ட படத்தை அதில் தொங்க விடலாம். முதல் மார்க் படம் மட்டும் தொங்காது, எல்லார் படமும் தொங்கும். பெரிய செலவில்லாத ஏற்பாடு. ஆனால் ஒரு பிள்ளையின் படத்துக்கு முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது.

தொடக்கப் பள்ளியைத் தாண்டினால் மறுபடியும் பழைய கதை. கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று அது சொல்கிறது. அதன்படி 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்திருக்கிறோம். அடுத்த மாதத்தைப் பற்றிய கவலையோடு வருகிற ஒருவரிடம், ஆண்டு முழுமைக்கும் பாடம் திட்டமிடு என்று எப்படிச் சொல்வது?

இருக்கிற பீரியடுக்கும் ஆபத்து. பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜனவரி பிறந்தால் கணக்கு வாத்தியார் வாசலில் நிற்பார். "சார், போர்ஷன் முடியலை, உங்க பீரியடைக் குடுங்க." ஓவிய ஆசிரியர் கொடுத்துவிடுவார். மறுக்கிற நிலையில் அவர் இல்லை.

இப்போது கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்ல காரியம். ஆனால் போட்டியில் மேடை ஏறுவது ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளை. மீதி நாற்பது பேருக்கு வாரம் ஒரு பீரியட்தான் வழி.

கோலப்பொடி போதும்

அந்த ஒரு பீரியடில் என்ன செய்யலாம்? கலர் பெட்டி வாங்க முடியாத பிள்ளைகள் நம் ஒன்றியத்தில் இன்றும் இருக்கிறார்கள். எனவே கரி, செங்கல் துண்டு, செம்மண், மஞ்சள்தூள், ஏரிக்கரைக் களிமண், கோலப்பொடி என்று கையில் கிடைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைத் தரையில் போடட்டும். பிள்ளைகள் ஐந்து நிமிடம் சும்மா பார்க்கட்டும். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை தடவை தன்னைத் தானே வெட்டுகிறது என்று பேசட்டும். பிறகு அதே புள்ளிகளில் ஆளுக்கொரு புதுக் கோலம். அரை மணி நேரம். கடைசி ஐந்து நிமிடம் எல்லாரும் எல்லாருடையதையும் சுற்றிப் பார்ப்பது. பையன்கள் முதலில், "இது பொம்பளைப் பிள்ளைங்க வேலை சார்" என்பார்கள். இரண்டாவது வாரம் அவர்கள்தான் பெரிய சிக்குக் கோலம் போடுவார்கள்.

கணக்கு வாத்தியாருக்கும் இதில் பதில் இருக்கிறது. நம் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1970-களில் கோலத்தைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். வாசலில் பெண்கள் போடும் கோலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு, அதைக் கணினிக்கும் சொல்லலாம் என்று காட்டிய அவர்களுடைய கட்டுரைகள் உலக அளவில் படிக்கப்பட்டன. ஓவியப் பீரியடைப் பிடுங்குகிறவர், தன் பாடத்தில் ஒரு பகுதியையே பிடுங்குகிறார்.

இதே பாடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க முடியும். பார்வை குறைந்த பிள்ளைக்கு அட்டையில் பசை தடவி நூலை ஒட்டிக் கொடுத்தால் விரலால் கோலத்தைப் படிப்பாள். புள்ளிக்குப் புளியங்கொட்டை வைக்கலாம். விரல் மடங்காத பிள்ளைக்குப் பென்சிலில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுக்கலாம், அல்லது களிமண் கொடுக்கலாம். மறைமலை நகர்ப் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைக்குத் தமிழ் இன்னும் வராது. ஆனால் அவன் ஊரிலும் வாசலில் ஏதாவது போடுவார்கள். "உங்க ஊர்ல எப்படிப் போடுவாங்க?" என்று சைகையில் கேட்டால் போதும், அன்றைக்கு அவன்தான் ஆசிரியர்.

அடுத்த மாதம் ஒரு நாள் வெளியே போகலாம். செங்கல்பட்டை ஒட்டி வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இருக்கிறது. மாமல்லபுரம் மாதிரிக் கூட்டம் இராது. பிள்ளைகள் பாறை நிழலில் உட்கார்ந்து, எதிரில் தெரியும் குன்றை, அது இருக்கிறபடி போடலாம்.

பணி ஓய்வு பெற்ற நமக்கும் இதில் வேலை இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் பேரன் பேத்தி படிக்காவிட்டாலும், நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கால அட்டவணையைக் கேளுங்கள். ஓவியம் எந்தக் கிழமை, எந்தப் பீரியட் என்று பார்த்துக்கொண்டு, ஜனவரி மாதத்தில் ஒரு நாள், அந்த நேரத்துக்குச் சரியாக அந்த வகுப்பு வாசலில் போய் நில்லுங்கள்.