பட்சபாதம் காரணமாகக் குடும்பநல வழக்கை மாற்றக் கோருதல்

குடும்பநல நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தையின் பராமரிப்பு முதலிய விவகாரங்களில், விசாரிக்கும் நீதிபதி எதிர்க்கட்சியின்பால் சாய்ந்துவிட்டார் என்று அஞ்சும் ஒருவர், வழக்கை அவரிடமிருந்து எடுத்து வேறொரு நீதிமன்றத்தின் வசம் ஒப்புவிக்குமாறு மேல்நீதிமன்றத்தை வேண்டிக்கொள்ளும் நடவடிக்கை இது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 24ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தன் ஆளுகைக்குள்ளும், 25ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு மாநிலம் விட்டு மாநிலத்துக்கும் வழக்கை மாற்றும் அதிகாரத்தை அளிக்கின்றன. மனைவி தொலைதூரப் பிரயாணத்தின் சிரமத்தைக் காரணம் காட்டிப் பெறும் மாற்றமே வழக்கத்தில் மிகுதி. நீதிபதியின் நடுவுநிலைமையையே ஐயுற்றுக் கேட்கப்படும் மாற்றம் வேறு ஜாதியைச் சேர்ந்தது, அதற்குரிய அளவுகோலும் கடுமையானது.

இந்த ஐயம் மற்ற நீதிமன்றங்களைக் காட்டிலும் குடும்பநல நீதிமன்றத்தில் எளிதில் முளைப்பதற்கு, அந்நீதிமன்றத்தின் அமைப்பே ஒரு ஹேதுவாக இருக்கிறது. 1974இல் சட்ட ஆணையம் தன் 59ஆம் அறிக்கையில், குடும்பப் பிணக்குகளைச் சாதாரண சிவில் வியாஜ்யங்களைப் போல் நடத்தலாகாது என்று கூறிய யோசனையைத் தழுவி எழுந்த 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், நீதிபதியை மௌனமாக வீற்றிருந்து இருதரப்பு வாதங்களையும் கேட்பவராக மட்டும் வைக்கவில்லை. 9ஆம் பிரிவின்படி, சமரசத்துக்கு இடமிருக்குமானால், தம்பதிகளுக்கு எடுத்துச் சொல்லி இணங்கவைக்க முயல்வது அவருடைய முதற்கடமை. 13ஆம் பிரிவின்படி வக்கீலை வைத்துக்கொள்வது கட்சியாரின் உரிமையன்று. 14ஆம் பிரிவின்படி சாட்சியச் சட்டம் ஏற்காத அறிக்கையையும் பத்திரத்தையும்கூட, பிணக்கைத் தீர்க்க உதவும் என்று அவர் கருதினால் ஏற்றுக்கொள்ளலாம். ஆகவே, துணைக்கு ஒருவருமின்றித் தன் இல்லறத்தின் அந்தரங்கத்தைக் கூறிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணிடம், கொஞ்சம் பொறுத்துப் போகலாகாதா என்று நீதிபதி நல்லெண்ணத்தோடு கேட்கும் ஒரு வார்த்தை, தீர்ப்பு இப்போதே எழுதப்பட்டுவிட்டது என்பதுபோல் அவள் செவியில் விழுந்துவிடுகிறது. கணவனும் இவ்வாறே மனம் குன்றுவதுண்டு. சமரசம் பேசும் வாயும் தீர்ப்புச் சொல்லும் வாயும் ஒன்றாயிருப்பதால் விளையும் இந்தச் சங்கடத்தை, மாற்றக் கோரும் மனுக்களைத் துச்சமாக நினைப்பவர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

பட்சபாதத்தைப் பற்றிய சட்டக் கொள்கை ஆங்கில நீதிமன்றங்களில் வளர்ந்து நமக்கு வந்தது. 1852இல், ஒரு கால்வாய்க் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த லார்டு சான்ஸலர் காட்டன்ஹாம், அக்கம்பெனியில் தாமே பங்குகள் வைத்திருந்தார் என்பதற்காக அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. 1924இல் லார்டு ஹியூவர்ட் விசாரித்த வழக்கில், ஒரு மோட்டார் விபத்தின் குற்றவிசாரணையில் நீதிபதிகளோடு தனியறைக்குச் சென்ற எழுத்தர், அதே விபத்துக்காக நஷ்டஈடு கோரியவரின் வக்கீல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர் அங்கே வாயே திறக்கவில்லை என்று தெரிந்தும், நீதி வழங்கப்படுவதோடு வழங்கப்படுவது கண்ணுக்கும் புலனாக வேண்டும் என்னும் கருத்தில் தண்டனை ரத்தாயிற்று. நமது உச்ச நீதிமன்றம் 1987இல், தாம் யார்மீது புகார் செய்திருந்தாரோ அந்த மேலதிகாரியே அமர்ந்து விசாரித்த இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட ஒரு படைவீரரின் வழக்கில், நீதிபதி தம் மனத்தைத் தாமே சோதித்துத் திருப்தியடைவது போதாது, எதிரே நிற்பவரின் மனத்தில் என்ன தோன்றும் என்று பார்க்கவேண்டும் என்று விளக்கிற்று.

எனினும் அச்சம் என்று சொன்னமாத்திரத்தில் வழக்கு மாறிவிடாது. அது நியாயமான அச்சமா என்று மேல்நீதிமன்றம் தானே பரிசீலிக்கும் என்பது 1966 முதல் உச்ச நீதிமன்றம் கூறிவரும் விதி. மேனகா காந்தியின் மாற்ற மனுவை நிராகரித்தபோது நீதிபதி கிருஷ்ணய்யர், கட்சியாரின் மிகையான கூருணர்ச்சியைக் கொண்டு இதனை நிர்ணயிக்கலாகாது என்றார். கட்சியாருக்கும் நீதிபதிக்கும் உறவோ பண சம்பந்தமோ இருத்தல், நீதிபதி முன்பு அதே விவகாரத்தில் வக்கீலாகத் தோன்றியிருத்தல், சாட்சியம் முடியுமுன் முடிவைத் திட்டமாக உரைத்துவிடுதல் ஆகியவை கவனத்துக்குரியவை. பாதகமான இடைக்கால உத்தரவும், வாய்தா மறுப்பும், விசாரணையின் நடுவே எழுந்த கடிந்துரையும் தம்மளவில் பட்சபாதத்துக்குச் சான்றாகா. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடைக்கால உத்தரவின்மேல் மேல்முறையீட்டை மறுத்துவிடுவதால், அந்த உத்தரவால் மனம் புண்பட்டவர்களில் சிலர் மாற்ற மனுவையே மேல்முறையீட்டின் ஸ்தானத்தில் வைத்துத் தொடுத்துத் தோல்வியுறுகின்றனர்.

மனுவுடன் பிரமாணப் பத்திரம் தாக்கலாக வேண்டும். எந்தத் தேதியில், எந்த விசாரணையில், யார் முன்னிலையில் நீதிபதி என்ன கூறினார் என்று அதில் குறிப்பாகச் சொல்லாமல், ஓரவஞ்சனை காட்டுகிறார் என்று பொதுப்பட எழுதுவது பயன் தராது. எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு அனுப்பப்படும். தேவையானால் உயர் நீதிமன்றம் அந்த நீதிபதியின் விளக்கத்தையும் தருவித்துக்கொள்ளும். மனு தாக்கலானதனாலேயே கீழ்நீதிமன்ற விசாரணை நின்றுவிடுவதில்லை. அதற்குத் தடையுத்தரவு தனியே பெறவேண்டும். 25ஆம் பிரிவின்கீழ் அற்பமான அல்லது தொந்தரவு செய்யும் நோக்குடைய விண்ணப்பத்துக்கு, எதிர்ப்பவருக்கு 2,000 ரூபாய்க்கு மேற்படாத ஈட்டுத்தொகை விதிக்கலாம்.

நீதிபதியின்மீது குற்றம் சாட்டுவது அவமதிப்பாகிவிடுமோ என்னும் பயம் பாமரருக்கு இயல்பு. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், கீழ்நீதிமன்ற நீதிபதியைப் பற்றி அதன் மேலுள்ள உயர் நீதிமன்றத்தினிடம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் கூற்று அவமதிப்பாகாது என்று 6ஆம் பிரிவில் அபயம் அளித்திருக்கிறது. ஆனால் முகாந்திரம் உண்டா என்று பாராமல் அவதூறான மனுவில் கையொப்பமிட்ட வக்கீல்களும் குற்றவாளிகளே என்று நாகபுரியிலிருந்து வந்த வழக்கொன்றில் 1954இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆட்சேபத்தைக் காலத்தே எழுப்பவேண்டும். ராஜஸ்தானத்து வக்கீல் ஒருவரின் நடத்தையை விசாரித்த குழுவின் தலைவர், புகார் செய்தவருக்காக முன்னொருகால் வழக்காடியவர். அது குற்றமே என்று 1957இல் ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், உண்மையை அறிந்திருந்தும் முடிவு வரும்வரை வாளாவிருந்ததனால் அவ்வக்கீல் ஆட்சேப உரிமையை இழந்தார் என்று தீர்மானித்தது.

மாற்றம் கிடைத்தபின், 24ஆம் பிரிவின்படி புதிய நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்கலாம், அல்லது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே பல குடும்பநல நீதிமன்றங்கள் இயங்கும் சென்னையில் கட்சியார் வேறொரு வாசலில் நுழைவதோடு காரியம் முடிந்துவிடக்கூடும்; ஒரே குடும்பநல நீதிமன்றமுள்ள மாவட்டத்திலோ அண்டை மாவட்டத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறவேண்டியிருக்கும். குழந்தையை எந்நாளில் யார் பார்ப்பது என்பது போன்ற இடைக்கால உத்தரவுகள், புதிய நீதிபதி மாற்றும்வரை பழையபடியே நடந்துவரும்.