பதிலி ஆசிரியர் (புதுச்சேரி)

விடுப்பில் சென்ற ஆசிரியரின் இடத்திலோ, நிரப்பப்படாத பணியிடத்திலோ குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பாடம் நடத்துபவர் பதிலி ஆசிரியர். ஆசிரியர் அறையில் இந்தப் பெயர் புழங்குவதில்லை. 'லீவ் வேகன்சி', 'ஒப்பந்த ஆசிரியர்' என்றால்தான் புரியும். 'சப்ஸ்டிட்யூஷன்' என்பது வேறு. காலை மணியடித்த சற்று நேரத்தில் உதவியாளர் ஒரு நோட்டோடு வருவார். அன்று வராதவரின் வகுப்புக்கு யார் போக வேண்டுமென்று அதில் எழுதியிருக்கும். ஓய்வுப் பாடவேளை பறிபோனவர் முணுமுணுத்தபடி கையெழுத்துப் போடுவார். ஓரிரு நாள் விடுப்பு இப்படியே ஓடிவிடும்.

மாதக்கணக்கான விடுப்புக்குத்தான் வெளியாள் தேவை. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் விடுப்பு விதிகள் பொருந்துகின்றன. மகப்பேறு விடுப்பு 180 நாள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் வரை.

கொஞ்ச நாள் வேலைதானே, தகுதியும் கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. அதன் 23ஆம் பிரிவின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. 1 முதல் 5 வரை எடுப்பவருக்கு மேல்நிலைத் தேர்ச்சியும் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும் வேண்டும். 6 முதல் 8 வரை பெரும்பாலும் பட்டத்தோடு பி.எட். இரு நிலைக்கும் தகுதித் தேர்வு, அதாவது 'டெட்', கட்டாயம். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலையும் பி.எட்.டும் கேட்கிறார்கள்.

பலர் இடறுவது தொடக்கப் பள்ளி விஷயத்தில். பி.எட். முடித்தவர்களும் அங்கே போகலாம் என்று 2018இல் திறந்த வழியை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று அடைத்துவிட்டது. கையில் பி.எட். மட்டும் இருந்தால் மூன்றாம் வகுப்புக்குப் போக முடியாது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. சிபிஎஸ்இயே நடத்தும் மத்தியத் தகுதித் தேர்வில் (சிடெட்) தாள் ஒன்றுக்கு 150 மதிப்பெண். பொதுப் பிரிவினர் 90 எடுத்தால் தேர்ச்சி. மொழிப்பாடமாகத் தமிழையும் எடுக்கலாம். சான்றிதழ் இப்போது ஆயுள் முழுதும் செல்லும். 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பிரான்ஸ் நாட்டுப் பாடத்திட்டத்தில் நடப்பது. அதன் கணக்கு தனி.

இவ்வளவு சான்றிதழ் கேட்காத காலமும் இருந்தது. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை, 102 நாள், தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தவர் சுப்பிரமணிய பாரதி. நான்கு ஆண்டு கழித்து அவர் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டு வாழ்ந்தார். அங்கே அவருக்குச் சீடரான பாரதிதாசனோ பிரெஞ்சு அரசின் நிரந்தரத் தமிழாசிரியர். 1909இல் காரைக்கால் பகுதியின் நிரவியில் சேர்ந்து 1946இல் ஓய்வு பெற்றார்.

தற்காலிகப் பணியே நிரந்தரத்துக்கான உரிமையைத் தந்துவிடாது என்பது உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அதனால் பணி முடியும் நாளிலேயே, தேதிகளும் எடுத்த வகுப்புகளும் குறித்த அனுபவச் சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது.