கட்டுச்சோறு வளர்ந்த கதை

வடநாட்டில் வாழும் தமிழரைப் பற்றி எழுதுவோர், நம்மவர் எழுப்பிய கோயில்களையும், தொடங்கிய பள்ளிகளையும், மேடையேற்றிய நாடகங்களையும் பற்றி விரிவாக எழுதுகின்றனர். அவை எழுதத் தக்கவையே. ஆயினும், நம் குடும்பங்களை இந்த மண்ணில் நிலைக்க வைத்த மற்றொன்றும் உண்டு. குறைந்த வருவாயில், பழகாத தானியத்தைக் கொண்டு, ஓய்வு கிடைத்தபோது செய்து வைத்து, ஓய்வில்லாதபோது எடுத்து உண்டு, உடம்பையும் காத்துக்கொண்ட அடுக்களைத் திறமே அது. அதன் வரலாற்றை ஒருவாறு தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னரே சமைத்து வைத்தல் தமிழருக்குப் புதிதன்று. வழியில் உண்பதற்கென எடுத்துச் செல்லும் உணவுக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! ஆற்றுணா, கட்டுச்சோறு, கட்டமுது, பொதிசோறு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆறு என்பதற்கு வழி என்றும் பொருள். ஆதலின் ஆற்றுணா என்றால் வழியுணவு. அப்பரடிகள் பசியாலும் தாகத்தாலும் களைத்துத் திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்தபோது, இறைவனே பொதிசோற்றுடன் வழியில் காத்திருந்தான் என்பது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் கூறும் செய்தி. பொதிசோற்றின் அருமையை நன்கு அறிந்த ஒரு சமுதாயத்துக்கே ஆண்டவனை இவ்வாறு காணத் தோன்றும்.

இவ்வுணவுகள் கெடாமல் இருப்பதன் காரணத்தை நம் முன்னோர் ஏட்டில் எழுதி வைக்கவில்லை, கைப்பழக்கத்தில் வைத்திருந்தனர். உணவு கெடுவதற்குக் கிருமிகள் காரணம். கிருமிகள் வளர்வதற்கு ஈரம் வேண்டும். புளிக்காய்ச்சலில் புளிப்பும் உப்பும் மிகுதி. நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை காய்ச்சுவதால் நீர் குறைவு. வடகம், வற்றல், அப்பளம் ஆகியவற்றில் வெயிலே நீரை எடுத்துவிடுகிறது. இட்லி மாவில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் முதலில் பெருகி, மாவைப் புளிக்கச் செய்து, தீமை செய்வனவற்றுக்கு இடமில்லாமல் ஆக்கிவிடுகின்றன. தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலை மிகுதியாக ஊற்றிப் பிசைவது, உண்ணும் வேளைக்கு அது பக்குவமாக உறைந்து நிற்கவேண்டும் என்பதற்காக. இம்முறைகளுக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. ஏழையின் வீட்டிலும் இயலக்கூடியவை இவை.

கால்நடையாகச் சென்றவனுக்கு ஒரு பொழுதுக்கான பொதி போதியதாயிருந்தது. இருப்புப்பாதை வந்ததும் நிலைமை மாறிற்று. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது. 1929-இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, முழுப் பயணத்துக்கு நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. வட இந்தியாவில் வேலை தேடிப் புறப்பட்ட தமிழ்க் குடும்பம் இப்போது பல பொழுதுகளுக்குக் கணக்கிட்டுச் சோறு கட்டவேண்டியதாயிற்று. முதல் நாள் பகலுக்குத் தயிர்சாதம், இரவுக்குப் புளியோதரை, மறுநாளைக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, அதற்கு அப்பால் அவல், சத்துமாவு, முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய். எது முதலில் கெடுமோ அதனை முதலில் உண்பது என்பதே இவ்வரிசையின் விதி. சரக்குக் கிடங்கிலும் பண்டகசாலையிலும் இன்று கடைப்பிடிக்கும் விதியும் அதுவே. நம் பாட்டிமார் கூஜாவையும் தூக்கையும் வைத்துக்கொண்டு அதனை நடத்திக் காட்டினர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைப்பது முறையாகாது. கட்டுச்சோறு சிக்கனத்துக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. சாதியும் அந்த இலையில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பிறர் சமைத்ததை உண்ணலாகாது, பிறர் தொட்ட நீரைப் பருகலாகாது என்ற எண்ணத்தாலும் பலர் மூட்டை சுமந்தனர். ரயில் நிலையங்களில் இந்துக்களுக்குத் தனித் தண்ணீரும் முஸ்லிம்களுக்குத் தனித் தண்ணீரும் வழங்கப்பட்டன. தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடமும் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் கிளர்ச்சி செய்த பின்னரே, 1940-களின் தொடக்கத்தில் அது நீங்கிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் பிரிவு உணவுவிடுதிகளில் பேதம் காட்டுவதைத் தடுத்தது. இன்று நம் காலனியில் ஒருவர் தூக்கில் மற்றவர் கை நனைக்கிறோம். இதனை நாம் எளிதாகப் பெற்றுவிடவில்லை என்பதை இளைஞர் அறிதல் நலம்.

அடுத்த மாற்றம் போரால் விளைந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். ரங்கூன் அரிசி வருவது நின்றது. 1943-இல் வங்காளப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டது. நகரங்களில் பங்கீடு வந்தது. அரிசியின்றி ஒரு நாளையும் கழித்தறியாத நம்மவர் கையில் கோதுமை வந்து விழுந்தது. பெங்களூரின் எம்.டி.ஆர். உணவுச்சாலையார், ரவா இட்லியைத் தாம் கண்டது இந்த அரிசிப் பஞ்ச காலத்தில்தான் என்று கூறுகின்றனர். கோதுமை தோசை, கோதுமைக் கஞ்சி, ரவை உப்புமா முதலியன வீடுதோறும் பழகின. விடுதலைக்குப் பின்னும் பஞ்சம் உடனே விலகவில்லை. 1950 முதல் 1952 வரை உணவமைச்சராயிருந்த கே.எம். முன்ஷி, தானியத்தை மிச்சப்படுத்துமாறு மக்களை வேண்டினார். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமைதோறும் ஒரு வேளை உணவை விடுமாறு நாட்டைக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு ஜனவரி மாதத்தில் தோன்றிய இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பது நம்மவர் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

வயிறு நிறைவது வேறு, உடம்பு வளர்வது வேறு என்பதை விஞ்ஞான முறையில் காட்டிய இடமும் தமிழ்நாட்டிலேயே இருந்தது. நீலகிரியின் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் 'பெரிபெரி' நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அச்சிறு ஆய்வே உணவுச் சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகிறது. மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசியுணவை உண்டவை கடையிடத்தில் நின்றன. நமக்கு இது கசப்பான செய்திதான். ஆயினும், வடக்கே வந்த நாம் இச்செய்தியைப் படிக்காமலேயே பயனடைந்தோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் நம் பெண்டிர் கற்ற ரொட்டியும், வெந்தயக் கீரையும், கொண்டைக்கடலையும் நம் இலையின் குறையை நிரப்பின.

அதே நிலையம் நமக்குப் பெருமை தரும் செய்தியையும் கூறிற்று. பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 உயிர்ச்சத்து அரிசியின் உட்புறம் சேர்ந்துவிடுவதால், தீட்டிய பின்னும் பெரும்பகுதி எஞ்சுகிறது. மக்காரிசனுக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைப் பட்டியலிட்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். குறைந்த செலவில் உணவைச் சீராக்குவது எப்படி என்பதே அதன் கருத்து. பருப்பு, கீரை, கேழ்வரகு முதலியன விலையில் சிறியவை, சத்தில் பெரியவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவும் சேர்ந்தே காலனி வீட்டின் அடுக்களை உருவாயிற்று. முதல் தேதி சம்பளம் வந்ததும் பருப்பும் தானியமும் மாதத்துக்கு வாங்கிவிடுவர். மல்லி, மிளகாய், பருப்பு வறுத்துச் சாம்பார்ப்பொடி அரைத்துக்கொள்வர். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, புளிக்காய்ச்சல் ஆகிய மூன்றும் தகர டப்பாவிலும் ஜாடியிலும் நிறைந்திருந்தால், மாதக் கடைசியிலும் இலை வெறுமையாய் இராது. இரவுப்பணிக்குச் செல்பவர் வேளைகெட்ட வேளையில் புறப்படும்போது, பத்து நிமிடத்தில் தூக்கு நிறைந்துவிடும். மே மாத வெயிலில் வடகம் ஒரே நாளில் காய்ந்துவிடும். வடநாட்டு அனல்காற்றால் நாம் பெற்ற ஒரே நன்மை அது! டிசம்பர், ஜனவரியில் இட்லி மாவு புளிக்க மறுக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைப்போரும் உண்டு. அடைக்கு மாறிக்கொள்வோரும் உண்டு. அடைக்குப் புளிப்பு வேண்டியதில்லை. அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள ஒரு கூறு பருப்பில் நிறைந்திருப்பதால், இரண்டையும் சேர்த்தரைத்த அடை உடம்புக்கும் உகந்தது.

பழமை என்பதனாலேயே எல்லாவற்றையும் போற்றிவிடல் ஆகாது. ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றில் உப்பு மிகுதி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தக் கொதிப்பு உள்ளவர் இவற்றைத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வடித்த சோற்றை வெப்பமான அறையில் நெடுநேரம் திறந்து வைத்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடு செய்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்தலே தக்கது. அரிசியைப் பலமுறை அலசிக் கழுநீரையும் கஞ்சியையும் கொட்டுவதால், காசு கொடுத்து வாங்கிய உயிர்ச்சத்து சாக்கடைக்குப் போகிறது என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

மற்றொரு குறை இதனினும் பெரிது. இச்சிக்கனம் முழுவதும் பெண்டிரின் உழைப்பில் நின்றது. விடியுமுன் எழுந்து ஆட்டுக்கல்லில் அரைத்தவரும், மொட்டை மாடி வெயிலில் வடகம் பிழிந்தவரும், அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்டவரும் அவர்களே. பருப்பின் விலையை எழுதிய வீட்டுக் கணக்கில் அவ்வுழைப்புக்கு ஒரு பத்தி இருந்ததில்லை. இன்று மின்சார அரைவை இயந்திரம் கல்லின் பாரத்தைக் குறைத்துவிட்டது. எஞ்சிய வேலையை ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால்தான் இக்கலை நிலைக்கும். ஞாயிறு காலையில் குடும்பமே அமர்ந்து கீரை ஆய்ந்து, மாவரைத்து, பொடி வறுத்து வைத்தால், வாரநாட்களில் கடையிலிருந்து வரும் பொட்டலத்தை நாட வேண்டியதில்லை.

பஞ்சத்தையும் பங்கீட்டையும் கண்டவர் நம்மிடையே மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். எத்தனை படி கோதுமைக்கு எத்தனை நாள், எந்தக் கீரை எந்த மாதத்தில் மலிவு என்று அவர்கள் பென்சிலால் எழுதிய கணக்குப் புத்தகங்கள் பரணில் கிடந்து, வீடு மாறும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போகின்றன. அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் சங்கத்தின் மகளிர் குழுவும் இளைஞரும் வீடுதோறும் சென்று, அப்புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் படியெடுத்து, மூத்த தாய்மாரின் வாய்மொழியையும் எழுதிச் சங்க நூலகத்தில் சேர்த்தல் வேண்டும் என்பது நம் விண்ணப்பம். முதற்புத்தகமாக எங்கள் வீட்டுப் புத்தகத்தையே காரியதரிசியிடம் ஒப்படைக்கச் சித்தமாயிருக்கிறோம்.