பச்சைச் சீட்டு போன வழி

நியூசிலாந்தின் குடும்ப மருத்துவர்கள் எழுதித் தரும் சீட்டுகளில் ஒன்று எந்த மருந்துக் கடையிலும் செல்லாது. மாத்திரையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நடை, நீச்சல், தோட்டவேலை என்று ஏதாவது இருக்கும். தினம் எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்ற கணக்கும் இருக்கும். ‘கிரீன் பிரிஸ்கிரிப்ஷன்’ என்ற இந்தப் பச்சைச் சீட்டு 1998இல் புழக்கத்துக்கு வந்தது. உடல் பருமனும் அதன் கூடவே வரும் சர்க்கரை, ரத்த அழுத்தத் தொல்லைகளும் உள்ளவர்கள்தான் இதைப் பெறுபவர்களில் முக்கியமானவர்கள்.

சீட்டைக் கொண்டுவந்தது ஹிலாரி கமிஷன். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரியின் பெயரில் இயங்கிய அரசு விளையாட்டு அமைப்பு அது. மைதானத்துப் பக்கமே வராதவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? முழங்கால் வலிக்கோ மாத்திரைக்கோ அவர்கள் எப்படியும் மருத்துவரிடம் வருவார்கள். விளையாட்டுத் துறை மருத்துவரின் அறைக்குள் போய் உட்கார்ந்தது.

வாயால் சொன்னால் போதாதா, எழுதித்தான் தர வேண்டுமா? பாய்ட் ஸ்வின்பர்னும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்து அதே 1998இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வாய்வழி அறிவுரை மட்டும். மறுபாதிக்கு அதோடு சீட்டும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது சீட்டு வாங்கியவர்களில்தான் அதிகம் பேர் உடலை அசைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் சீட்டு நோயாளியின் சட்டைப்பையோடு நின்றுவிடவில்லை. அவர் சம்மதித்தால் அதன் நகல் ஒன்று வட்டார விளையாட்டு அறக்கட்டளைக்குப் போனது. அங்கிருந்த உடற்பயிற்சி ஆலோசகர் அடுத்த சில மாதங்களில் அவரைத் தொலைபேசியில் பலமுறை அழைத்தார். நடக்க முடிந்ததா, எது தடுத்தது, மழைக்காலத்தில் என்ன செய்யலாம் என்று பேச்சு நீளும். அருகில் நடக்கும் நடைக்குழு, தண்ணீர்ப் பயிற்சி வகுப்பு பற்றிய தகவலும் கிடைக்கும். முன்னேற்றம் எப்படி என்ற செய்தி மருத்துவருக்கே திரும்பி வந்தது. மருத்துவர் செலவிட்டது சில நிமிடங்கள். மீதி உழைப்பு வேறொருவருடையது.

இந்தச் சுற்று பலன் தருகிறதா என்பதற்கு ரெய்னா எல்லியின் குழு 2003இல் விடை சொன்னது. 42 மருத்துவ நிலையங்கள், 40 முதல் 79 வயது வரையிலான 878 பேர், ஓராண்டு. ஏறக்குறைய பத்துப் பேருக்குச் சீட்டு எழுதினால் அவர்களில் கூடுதலாக ஒருவர் வாரம் இரண்டரை மணி நேர உடலுழைப்பை எட்டினார். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் மருத்துவரை நாள்தோறும் பார்க்க வருபவர்களின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள்.

அடுத்து வெலிங்டனில் சீட்டு செவிலியர் கைக்குப் போனது. 40 முதல் 74 வயதுக்குட்பட்ட 1089 பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளியானது. பெண்கள் அதிகம் நடந்தார்கள். அவர்களின் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டது. ஆனால் எடை சொல்லும்படி இறங்கவில்லை. கீழே விழுந்தவர்கள், காயம்பட்டவர்களின் எண்ணிக்கையும் கூடவே செய்தது. மருந்து என்று எழுதிவிட்டால் பக்கவிளைவையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இதற்கிடையே சீட்டின் எஜமானர்களும் மாறினார்கள். 2002இல் ஹிலாரி கமிஷன் புதிய தேசிய விளையாட்டு அமைப்போடு கலந்தது. பின்னர் திட்டம் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்தது. காகிதம் போய்க் கணினிவழிப் பரிந்துரை வந்தது. ஆக்லாந்தில் முதியவர்களிடம் அடிகளை எண்ணும் கருவியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் நடைநேரம் இன்னும் கூடியது.

இத்தனை கைமாறியும் சீட்டை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை கிலோ குறைந்தது? அது தவறான கேள்வி. நடை மட்டும் எடையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. சாப்பாட்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. எடை குறையாதபோதும் நடை சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் இதயத்தைக் காக்கவும் உதவுகிறது. இதைச் சொல்லாமல் சீட்டைக் கொடுத்தால், இரண்டு மாதம் நடந்தவர் எடை இயந்திரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு நடையை நிறுத்திவிடுவார். எழுதும்போதே இதைச் சொல்லிவிடுவதும், அடுத்த வாரம் யார் அழைப்பார் என்பதை முடிவு செய்துவிடுவதும் மருந்தின் பாதி.