பதினெட்டு அங்குலம்

பப்ஜி ஆடியவர்களுக்கு எஸ்1897 தெரிந்திருக்கும். குதித்து இறங்கிய முதல் வீட்டிலேயே தரையில் கிடக்கும் பழைய பம்ப் துப்பாக்கி. அதே விளையாட்டில் குழலை அறுத்த ‘சாடு ஆஃப்’ ஒன்றும் உண்டு. கைத்துப்பாக்கி வைக்கிற இடத்தில் செருகிக்கொள்ளலாம். கதவுக்குப் பின்னால் நிற்பவனைச் சுடலாம். தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கு அது பட்டாசு மாதிரிதான். விளையாட்டுகளும் சினிமாக்களும் சேர்ந்து நமக்கு இரண்டு பாடம் நடத்தியிருக்கின்றன. குழல் நீளமாக இருந்தால் அடி பலமாக விழும். குட்டையாக இருந்தால் ரவை விசிறி மாதிரி விரியும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ரொம்பக் கொஞ்சம்.

ஷாட்கன் குழலுக்குள் ரைஃபிளில் இருப்பது போன்ற சுருள் வரி கிடையாது, வழுவழுப்பான குழாய்தான். ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள். ‘ட்வெல்வ் போர்’ என்கிறோமே, அந்தப் பன்னிரண்டு குழலின் அகலத்தைச் சுற்றி வளைத்துச் சொல்கிற எண். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும். கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். அகலத்தை எடையால் சொல்லும் தொழில் இது. இவர்களிடம் நீளத்தைப் பற்றி மட்டும் நேரான பதில் எதிர்பார்க்க முடியுமா?

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பதில் நேராகத்தான் இருந்தது: நீளமாகச் செய். பறவை சுடும் ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் குழல் நாற்பது அங்குலத்தைத் தாண்டிப் போனது. காரணம் கருமருந்து. அது எரிந்து முடிய நேரம் எடுத்துக்கொள்ளும்; குழல் முடிந்துவிட்டால் மிச்ச மருந்து வெளியே வந்து வீணாகப் புகையும். 1787-ல் ஹென்றி நாக் என்ற லண்டன் துப்பாக்கிக்காரர் குழலின் அடிப்பகுதியை மாற்றிக் காப்புரிமை வாங்கினார். நெருப்புப்பொறி முதலில் ஒரு சின்ன அறைக்குள் போய், அங்கிருந்து மருந்தின் நடுவே பாயும்படி செய்தார். மருந்து வேகமாக எரிந்தது. நாற்பது அங்குலத்துக்குத் தேவையே இல்லாமல் போய், முப்பது அங்குலம் நல்ல துப்பாக்கியின் அளவானது. குழலை வெட்டியவர் நாக்தான், ரம்பத்தைத் தொடாமலே.

நூறு வருஷம் கழித்துப் புகையில்லா மருந்து வந்தது. 1880-களில் இங்கிலாந்தில் பரவிவிட்டது. இதில் அழுத்தம் குழலின் முதல் ஒன்றிரண்டு அங்குலத்திலேயே உச்சத்துக்குப் போய், பிறகு மளமளவென்று இறங்கும். ரவை மேலே போகப் போகப் பின்னால் இருக்கும் இடம் பெரிதாகிறது, வாயு விரிந்து பலம் இழக்கிறது. கடைசி அங்குலங்கள் ரவையைத் தள்ளுவதைவிடச் சும்மா வழிகாட்டுகின்றன என்றே சொல்லலாம். இன்றைய தோட்டாக்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: ஓர் அங்குலம் குறைந்தால் வினாடிக்கு ஐந்திலிருந்து பத்தடி வேகம் குறையும். ரவை கிளம்பும் வேகமோ வினாடிக்குச் சுமார் 1,200 அடி. முப்பதை இருபத்தைந்தாக்கினால் இழப்பு அதிகபட்சம் ஐம்பதடி, நாலு சதவீதம். அதுவும் குழல் வாயில் அளந்தால்தான். ரவை உருண்டை என்பதால் காற்று அதைச் சீக்கிரம் பிடித்து நிறுத்தும்; வேகமான ரவையை இன்னும் பலமாகப் பிடிக்கும். நாற்பது கெஜத்தில் இருக்கும் பறவைக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனாலும் யாரும் முப்பதை விடவில்லை. அப்பா முப்பது வைத்திருந்தார், தாத்தா முப்பது வைத்திருந்தார். நான் வேலை பார்க்கும் துறையிலும் இப்படித்தான். ஒரு மாறிலி ஏன் 30 என்று கேட்டால் ‘அது அப்படியே இருக்கட்டும்’ என்பார்கள்.

1920-களில் அதைத் தொட்டவர் ராபர்ட் சர்ச்சில். லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர். அரசியல்வாதி சர்ச்சில் வேறு ஆள். குட்டையாக, குண்டாக இருப்பார். 25 அங்குலக் குழல் வைத்து ஒரு துப்பாக்கி செய்து, ரோமன் எண்ணில் ‘எக்ஸ்எக்ஸ்வி’ என்று பெயர் வைத்து விற்றார். மருந்து மாறிப்போச்சு, குழல் எதற்கு மாறவில்லை என்பதுதான் அவர் வாதம். பழைய ஆட்கள் கொதித்தார்கள். சர்ச்சில் வியாபாரி வேறு, சும்மா இருப்பாரா? குழலின் மேல் பார்வைக்கு ஓடும் பட்டியை உயர்த்தி, முனை நோக்கிக் குறுக்கி வடிவமைத்தார். கன்னத்தில் அணைத்துப் பார்த்தால் இருபத்தைந்து நீளமாகத் தெரியும். முப்பது தேவையில்லை என்று விற்றுக்கொண்டே, முப்பது மாதிரித் தெரியவும் வைத்தார். எனக்கு அவரைப் பிடிப்பதே இதற்காகத்தான்.

வேகத்தைப் பொறுத்தவரை சர்ச்சில் சொன்னது சரி. கையைப் பொறுத்தவரை விஷயம் அவ்வளவு எளிதில்லை. பறக்கும் பறவையைத் துப்பாக்கியால் துரத்த வேண்டும், அதாவது சுழற்ற வேண்டும். சுழலும் பொருளில் எடை எவ்வளவு என்பதோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கு; அதுவும் தூரத்தின் வர்க்கமாக. குழல் முனையில் இருக்கும் கொஞ்சம் இரும்பு, கைக்குப் பக்கத்தில் இருக்கும் நிறைய இரும்புக்குச் சமம். குட்டைக் குழல் சட்டென்று கிளம்பும், சட்டென்று நின்றும் விடும். புதருக்குள்ளிருந்து படபடவென்று எழும் கௌதாரிக்கு முதல் குணம் நல்லது. உயரத்தில் நிதானமாகக் கடந்துபோகும் பறவைக்கு இரண்டாவது குணம் ஆகாது. விசையை இழுக்கும் நொடியில் கை தயங்கினால் துப்பாக்கியும் தயங்கி, ரவை பறவைக்குப் பின்னால் போகும். இன்று களிமண் தட்டு சுடும் போட்டிக்காரர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது 30, 32 அங்குலம். நீளக் குழல் திரும்பி வந்துவிட்டது, வேறு காரணத்தோடு.

இனி அந்த விசிறி. ரவை எவ்வளவு விரியும் என்பதை முடிவு செய்வது முக்கியமாக ‘சோக்’, குழலின் வாயில் கடைசி ஓரிரண்டு அங்குலத்தில் இருக்கும் லேசான குறுகல். 1866-ல் நியூகாசிலைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். பேப் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1870-களில் பர்மிங்ஹாமின் கிரீனர் அதைப் பிரபலமாக்கினார். நாற்பது கெஜத்தில் முப்பது அங்குல வட்டம் வரைந்து சுட்டால், முழு சோக் உள்ள குழல் எழுபது சதவீத ரவையை வட்டத்துக்குள் போடும். சோக் இல்லாத குழல் நாற்பது சதவீதம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் குறுகலில். ஆக, முப்பது அங்குலக் குழலில் முதல் மூன்று அங்குலத்தை அறுத்தாலே சோக் போய்விடும்; எழுபது நாற்பதாகிவிடும். அதற்கு மேல் பதினெட்டு வரை அறுத்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. ஓர் அறைக்குள் சுட்டால் ரவைக் கூட்டம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தாலே அதிகம். சினிமாவில் ஒரே வெடியில் நாலு பேர் சாய்கிறார்களே, அதெல்லாம் ஸ்டன்ட் மாஸ்டரின் ரவை.

அப்படியானால் ஏன் அறுத்தார்கள்? கோட்டுக்குள் ஒளித்து வைக்க. அவ்வளவுதான் காரணம்.

அமெரிக்கச் சட்டம் கவலைப்பட்டதும் அதைப் பற்றித்தான். மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள், வங்கிக் கொள்ளைக்காரர்கள், அறுத்த ஷாட்கன்னோடு திரிந்த கிளைட் பாரோ என்று நாளிதழ்கள் நிறைந்திருந்த நேரம். 1934 மே மாதம் பாரோ சுட்டுக் கொல்லப்பட்டான். ஜூனில் தேசிய ஆயுதச் சட்டம் வந்தது. 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் இருந்தால் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினால் அப்போது 200 டாலர் வரி. சாதாரண இரட்டைக் குழல் துப்பாக்கியின் விலையைவிட அது பல மடங்கு. இதில் ஒரு வேடிக்கை. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் பட்டியலில் இருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தினால் ஜனங்கள் நீளத் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி ஆக்கிவிடுவார்களே! அந்த ஓட்டையை அடைக்கத்தான் நீள விதி. எதிர்ப்பு வந்ததும் கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஓட்டையை அடைத்த விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வசதியை நீக்கிய பிறகும் அதைக் காத்த நிபந்தனை நிரலில் தங்கிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. என்ன, நம்முடைய நிபந்தனையால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை.

1938 ஏப்ரலில் ஜாக் மில்லர், ஃபிராங்க் லேட்டன் என்ற இருவர் ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்கு ஒரு ஸ்டீவன்ஸ் இரட்டைக் குழல் ஷாட்கன்னை எடுத்துப்போய் மாட்டினார்கள். குழல் 18 அங்குலத்துக்கும் குறைவு, பதிவு இல்லை. மாவட்ட நீதிபதி, இந்தச் சட்டம் ஆயுத உரிமை தரும் இரண்டாம் திருத்தத்துக்கு விரோதம் என்று வழக்கைத் தள்ளினார். அரசு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1939 மார்ச்சில் விசாரணை. எதிர்த்தரப்பில் ஒரு வக்கீல்கூட வரவில்லை. மே 15 அன்று தீர்ப்பு: இப்படிப்பட்ட ஷாட்கன் குடிப்படைக்கு உதவும் என்று காட்ட எங்கள் முன் எந்தச் சான்றும் இல்லை, எனவே அதை வைத்திருக்கும் உரிமையை இரண்டாம் திருத்தம் காக்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது.

சான்று எப்படி இருக்கும்? சொல்ல ஆள் இல்லையே. வந்திருந்தால் 1918-ஐப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பிரான்ஸின் பதுங்குகுழிகளில் அமெரிக்கப் படை வைத்திருந்தது வின்செஸ்டர் 1897, பப்ஜியில் நாம் தூக்கி எறியும் அதே துப்பாக்கி. குழல் 20 அங்குலம். அந்த வருஷம் செப்டம்பரில், இது தேவையற்ற வேதனை தரும் ஆயுதம், இதோடு பிடிபடுகிறவர்களின் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஜெர்மனி முறைப்படி எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. அமெரிக்கா அதை நிராகரித்தது. 20 அங்குலம் போர்க்கருவி, 18-க்குக் கீழே இல்லை என்றால் நடுவில் இருக்கும் அந்த இரண்டு அங்குலத்தில் ரவைக்கு என்ன ஆகிறது? வினாடிக்கு இருபதடி குறையலாம். அதைக் கேட்க நீதிமன்றத்தில் யாரும் இல்லை.

தீர்ப்பு வரும்போது மில்லர் உயிரோடு இல்லை. ஏப்ரலிலேயே ஓக்லஹோமாவில் சுடப்பட்டுக் கிடந்தான். முன்பு தன் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் அவன். லேட்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே வந்தான். 2008-ல் ஹெல்லர் வழக்கு வரும் வரை, அமெரிக்காவில் ஆயுத உரிமை பற்றிப் பேசிய இரு தரப்பும் இந்தத் தீர்ப்பைத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டன. நடுவில் 1960-ல் ரைஃபிளுக்கான அளவை 18-லிருந்து 16 அங்குலமாகக் குறைத்தார்கள். ஷாட்கன்னுக்கு இன்றும் 18.