ஒருகொடவத்தையில் காத்திருந்த பெட்டியும் துறைமுக அதிகாரசபையின் கதையும்

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா அனுப்பிய ஒரு பெட்டியை எடுப்பதற்காகக் கடந்த மாதம் மூன்று நாள்கள் ஒருகொடவத்தைக்கு அலைந்தேன். வெள்ளவத்தையில் இருந்து போய், பேஸ்லைன் வீதி அவிசாவளை வீதியைச் சந்திக்கும் இடத்தில் இறங்கினால் கண்ணுக்கு எட்டும் வரை கொள்கலன் லொறிகள். அங்கிருந்து கடல் தெரியாது. ஆனாலும் கொழும்புத் துறைமுகத்தின் பின்வாசல் என்றால் அதுதான். கப்பலில் இருந்து இறங்கும் கொள்கலன்களைச் சுங்கத்தினர் திறந்து பார்க்கும் முற்றங்களும், வெளிநாட்டுப் பொதிகளைப் பிரித்துக் கொடுக்கும் களஞ்சியங்களும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன.

பெட்டிக்குள் இருந்தது அம்மாவுக்கான நடைதாங்கி, போர்வைகள், கொஞ்சம் மருந்துச் சாமான். அம்மா இருப்பது தெல்லிப்பழைப் பக்கம். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்கள் நாங்கள். காணி விடுபட்ட பிறகு அம்மா திரும்பிப் போய்விட்டா. எங்கள் வீட்டில் இருந்து காங்கேசன்துறைத் துறைமுகம் சைக்கிளில் போகும் தூரம். ஆனால் கனடாவில் இருந்து கடல் வழியாக வந்த பெட்டி கொழும்பில் இறங்கி, 400 கிலோமீற்றர் லொறியில் ஏறித்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இது ஏன் இப்படி என்று வரிசையில் நின்றபோது யோசித்தேன். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் துறைமுகத்தை ஆள்பவர்களின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

கல்லால் கட்டிய துறைமுகம்

கொழும்பு இயற்கைத் துறைமுகம் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீராவிக் கப்பல்கள் காலிக்குத்தான் போயின. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொழும்புக் கடலில் கப்பல் நிற்பது ஆபத்து. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்து கப்பல் போக்குவரத்துப் பெருகியது. தோட்டத்துக் கோப்பியும் கொழும்பு வழியாகவே வெளியேறியது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அலைதடுப்புச் சுவர் கட்ட முடிவாயிற்று. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பொறியியலாளர் ஜோன் கூட் திட்டமிட்ட அந்தத் தென்மேற்குச் சுவர் 1885இல் முடிந்தது. மஹர கல்லுடைப்பில் கைதிகள் உடைத்த கற்களும் அதில் சேர்ந்தன. 1912 அளவில் மற்றச் சுவர்களும் எழுந்து துறைமுகம் முழு உருவம் பெற்றது.

1913இல் கொழும்புத் துறைமுக ஆணைக்குழு அமைந்தது. கப்பலுக்கு வழிகாட்டுவது, ஆழம் தோண்டுவது, சுவரையும் இறங்குதுறையையும் பராமரிப்பது அதன் வேலை. சரக்கைத் தூக்கி இறக்கியவை தனியார் கம்பனிகள். அவற்றுக்குக் கீழே முதுகு வளைத்தவர்களில் இந்தியாவில் இருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் ஏராளம். 1927இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த துறைமுக வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய நிகழ்வு. அதே குணசிங்க 1930களில் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார் என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

மூன்று கைகள், ஓர் அதிகாரசபை

1958இல் சரக்குக் கையாளலை அரசு பொறுப்பேற்றது. துறைமுக சரக்குக் கூட்டுத்தாபனம் பிறந்தது. 1967இல் சரக்கை எண்ணிக் கணக்கெடுக்கவும் காவல் காக்கவும் இன்னொரு கூட்டுத்தாபனம் வந்தது. கடலுக்கு ஒருவர், தூக்க ஒருவர், எண்ண ஒருவர். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற துறைமுகக் கணக்கர் ஒருவர், அந்தக் காலத்தில் ஒரு மூட்டை குறைந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வியாபாரிகள் மூன்று கந்தோர் ஏறி இறங்குவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

கொள்கலன் வந்தபின் இந்தப் பிரிவினை ஓடவில்லை. மூட்டை மூட்டையாக நாட்டாமிமார் தூக்கியதை ஒரு பாரந்தூக்கி ஒரே பெட்டியாகத் தூக்கியது. 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் இவை எல்லாம் ஒன்றாக்கப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்ட் 1 முதல் இலங்கைத் துறைமுக அதிகாரசபை இயங்கத் தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள். ஆணைக்குழு கொழும்புக்கு உரியது. அதிகாரசபையோ இலங்கை முழுவதற்கும் உரியது. திருகோணமலையும் காலியும் அதன் பொறுப்பு. காங்கேசன்துறையும் இன்று அதன் பட்டியலில் இருக்கிறது.

எங்களை ஏற்றிய கப்பல்கள்

கொழும்பில் இருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1958 கலவரத்தில் கொழும்புத் தமிழர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். சரக்குக் கூட்டுத்தாபனம் வந்ததும் அந்த ஆண்டுதான். 1983 யூலையிலும் அதுவே நடந்தது. 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் வந்திறங்கியவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். எங்களை அனுப்ப வேண்டியிருந்தபோது அந்த வழி திறந்தது. எங்கள் சாமானுக்கு அது திறக்கவில்லை.

1983க்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1985இல், ஜப்பானியக் கடனுதவியுடன் ஜய கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. கொழும்பு பிராந்தியத்தின் மீள்ஏற்றுமதி மையமாக வளர்ந்தது. இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதி இலங்கைக்கு உரியவை அல்ல. இந்தியாவுக்கும் அயல்நாடுகளுக்கும் கப்பல் மாறிப் போகிறவை. போர் கொழும்பையும் தொடாமல் விடவில்லை. 1996 ஏப்ரலில் துறைமுகம் தாக்கப்பட்டது. 2001 யூலையில் கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதலுக்குப் பின் கப்பல் காப்புறுதிக் கட்டணம் எகிறியது. ஆனாலும் கொழும்பு மீண்டது. 2018இல் ஆண்டுக் கணக்கு 70 இலட்சம் கொள்கலன் அலகுகளைத் தாண்டியது.

அதே காலத்தில் காங்கேசன்துறை உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டது. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் மாவும் கப்பலில்தான் வந்தன. சனம் திருகோணமலைக்குக் கப்பலேறப் பெயர் பதிந்துவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தது. துறைமுகம் என்றால் எங்கள் தலைமுறைக்கு அந்த வரிசைதான் நினைவு.

முனையங்களைப் பங்கிடுதல்

ஒன்றாக்கிய அதிகாரசபை பிறகு துண்டு துண்டாகக் கை மாறியது. 1999இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறை தனியார் கூட்டு நிறுவனத்திடம் போனது. 2013இல் திறந்த தெற்கு முனையத்தில் சீன நிறுவனத்துக்கு 85 வீதம், அதிகாரசபைக்கு 15 வீதம். 2017இல் அம்பாந்தோட்டை 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. கிழக்கு முனையம் தொடர்பாக 2019இல் இந்தியா, ஜப்பானுடன் செய்த உடன்பாடு, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் 2021 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக மேற்கு முனையம் வந்தது. அதில் அதானி நிறுவனத்துக்கு 51 வீதம், ஜோன் கீல்ஸுக்கு 34, அதிகாரசபைக்கு 15. 2025 ஏப்ரலில் அது இயங்கத் தொடங்கியது.

கொழும்பின் ஒரு முனையத்துக்காக நாடே பேசியது. காங்கேசன்துறைக்காக அப்படியொரு குரல் தெற்கில் எழுந்து நான் கேட்கவில்லை. 2018இல் இந்தியா 4.5 கோடி டொலர் கடன் தர உடன்பட்டது. பின்னர் அது நன்கொடையாக மாறி, 6.15 கோடி டொலர் என்ற மதிப்பீட்டுக்கு 2024இல் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் தொடங்கிச் சில நாள்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. ஆட்கள் வருகிறார்கள். கொள்கலன் இன்னும் வரவில்லை.

சிட்டையைப் பிரித்துப் பாருங்கள்

பொதி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகம் வேறு, சுங்கம் வேறு. கையாளல், களஞ்சியம், இலவச நாள்கள் கடந்தால் தாமதக் கட்டணம், இவை துறைமுகத்துக்கோ களஞ்சியம் நடத்துபவருக்கோ உரியவை. தீர்வையும் பரிசோதனையும் சுங்கத்துக்கு உரியவை. முகவரின் கூலி மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனிச் சிட்டை கேளுங்கள். முறைப்பாடு செய்வதானால் யாரிடம் செய்வது என்று அப்போதுதான் தெரியும். நான் முதல் நாள் கேட்கவில்லை. எதற்குக் காசு கொடுத்தேன் என்று இன்றுவரை விளங்காத ஒரு தொகை என் கணக்கில் இருக்கிறது.

அம்மாவின் போர்வைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள். பார்க்கட்டும், அது அவர்களின் கடமை. ஆனால் 2025 ஜனவரியில் நெரிசலைக் காரணம் காட்டி, பரிசோதிக்க வேண்டிய 323 கொள்கலன்கள் திறக்காமலே விடுவிக்கப்பட்டது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் மாலை பெட்டி கையில் கிடைத்தது. அன்றிரவே யாழ்ப்பாணம் போகும் லொறியில் ஏற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். கப்பல்தான் கண்ணுக்கு முன்னால வந்து போகுதே, அதில போட்டுவிட ஏலாதோ என்று கேட்டா. அது ஆட்கள் வாற கப்பலம்மா என்றேன். தொண்ணூறுக்கு முதல் சீமெந்துக் கப்பல் வந்து நின்ற இடம்தானே என்றா அம்மா.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியது, தன் பெயரில் இலங்கை முழுவதையும் வைத்திருக்கும் அதிகாரசபை.